பைரனும் மறதியின் வளைகோடும்

பி.ஏ. படித்த நாட்களில், மனோதத்துவ அறிமுக நூல் ஒன்றில் மறதியின் வளைகோட்டைப் பார்த்தேன். முதல் நாளிலேயே செங்குத்தாகச் சரிந்து, பிறகு தயங்கித் தயங்கி இறங்குகிற கோடு. அதற்குப் பின்னால் ஒரே ஒரு மனிதனின் ஞாபகம்தான் இருக்கிறது என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது.

ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1879-80லும் 1883-84லும் தன்னையே பரிசோதித்துக்கொண்டார். இரு மெய்களுக்கு நடுவே ஓர் உயிர் என்று சுமார் 2300 அர்த்தமற்ற அசைகள் (நம் யாப்பு சொல்லும் அசை அல்ல). கடிகார ஒலிக்கு இசைய, அசைக்கு 2/5 விநாடி வீதம் வாசித்து மனனம் செய்தார். பின்னர் அதே வரிசையைத் திரும்பக் கற்று, உழைப்பில் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிட்டார். 20 நிமிஷம் கழித்து 58 சதவீதம். ஒரு நாளில் 34. 31 நாளில் 21. இந்த மிச்சத்துக்கு அவர் இட்ட பெயர் சேமிப்பு. பகலெல்லாம் சேமிப்புக் கணக்குகளோடு மல்லாடும் எனக்கு இதில் ஒரு குரூர வேடிக்கை தெரிகிறது.

அர்த்தமுள்ள சொல் பழைய அனுபவங்களோடு ஒட்டிக்கொண்டு அளவைக் கெடுத்துவிடும் என்பதால் அதை விலக்கினார். நியாயம்தான். ஆனால் 1885ல் வெளியான அதே நூலில், இது இங்கே சேராது என்ற தயக்கத்தோடு, இன்னொன்றையும் சொல்கிறார். 1884ல் பைரனின் 'டான் ஜுவா'னை ஆங்கிலத்திலேயே மனனம் செய்து பார்த்திருக்கிறார். 80 அசை கொண்ட ஓர் எட்டடிச் செய்யுளுக்கு ஒன்பது தடவைகூட முழுதாகத் தேவைப்படவில்லை. அதே நீளத்துக்கு அர்த்தமற்ற அசைகள் என்றால் 70, 80 தடவை ஆகியிருக்கும் என்பது அவர் மதிப்பு. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

நான் படித்த பாடநூலில் வளைகோடு இருந்தது. பைரன் இல்லை.

யாப்பு இருந்தால்தான் கவிதை மனதில் நிற்கும் என்று புதுக்கவிதைமேல் குற்றம் சொல்பவர்கள் இந்தப் பத்தில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். எபிங்ஹவுஸ் அவர்களுக்கு உதவமாட்டார். அர்த்தம், லயம், இயைபு, பொதுமொழி நான்கும் சேர்ந்த பிணைப்பு என்கிறாரே தவிர எதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவில்லை. இன்னொன்று: அர்த்தமற்ற வரிசைகளையும் அவர் தட்டையாக வாசிக்கவில்லை. சிலவற்றில் 1, 4, 7, சிலவற்றில் 1, 5, 9 என்று அசைகளுக்கு லேசான அழுத்தம் கொடுத்தே வாசித்திருக்கிறார். ஒழுங்கான தாளத்தோடு சொல்லப்பட்டவைதான் அந்த வளைகோட்டில் சரிந்து போயின.