குடத்தினுள் எவர் பெயர்?

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே உத்தரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் புகழ்பெற்ற இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. இரண்டும் முதற் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 919இல் பொறிக்கப்பட்டது; மற்றது 14ஆம் ஆண்டில், 921இல். கல்வெட்டுத் துறையினர் 1898இல் படியெடுத்தது முதல் குடவோலை முறையை நாம் பெருமையுடன் பேசி வருகிறோம். ஆயின், ஒரே ஊர்ச்சபை, ஒரே பொருள் குறித்து, இரண்டே ஆண்டுகளில் மீண்டும் கல்லில் எழுத நேர்ந்தது ஏன் என்று கேட்போர் குறைவு.

முதல் ஏற்பாடு போதவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. 919இல் முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயது வரம்பு, 921இல் முப்பத்தைந்து முதல் எழுபது வரை என மாறுகிறது. அதனினும் முக்கியமானது கணக்கு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் நிற்கலாகாது. அவன் மட்டுமா? தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன், அத்தை மகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள் என நீண்டதொரு உறவுப் பட்டியலே விலக்கப்படுகிறது. ஊர்ப் பொருளை உண்டவன் தன் மைத்துனனை முன்னிறுத்தி மீண்டும் உள்ளே வருவான் என்பதை அச்சபையினர் அனுபவத்தால் அறிந்திருந்தனர் போலும்! பிறர் பொருளைக் கவர்ந்தவனுக்கும் இடமில்லை. கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவனும் ஒதுங்கி நிற்க வேண்டும்.

தேர்வு முறையும் அத்தகையதே. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் கட்டுக் கட்டாகக் குடத்தில் இடப்படும். சபை முழுதும் கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் மூத்தவர் யாவரும் காணக் குடத்தை உயர்த்துவார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதனை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று, உரக்க வாசிக்க வேண்டும். பின்னர் அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும். இவ்வாறு தேர்வானோர் சம்வத்சர வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர் என அமர்ந்து, 360 நாள் பணியாற்றி விலகுவர். விரித்த விரல்களின் இடையே பொய்யோலை ஒளிய இயலாது. மனிதரின் நேர்மையை நம்பி அமைந்த முறையன்று இது. அவர்தம் பலவீனத்தை முன்னுணர்ந்து அமைந்தது.

இத்துணை விழிப்புடையோர், குடத்தினுள் எவர் பெயர் புகலாம் என்பதில் மட்டும் கதவைச் சாத்தியே வைத்தனர். உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது அந்தணர் ஊர். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். வேதத்தில் மேலும் புலமை உடையவனுக்கு நிலம் அரைக்கால் வேலி போதும். நிலமே இல்லாதவனுக்கு வழியில்லை. அவ்வூர் ஏரியைத் தூர்வாரிய கைகளுக்கும், வயலில் நாற்று நட்ட பெண்களுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. சபையுடன் அரசனின் அலுவலர் ஒருவர் அமர்ந்திருந்ததையும் கல்வெட்டுகள் மறைக்கவில்லை.

அக்கதவைச் சட்டம் திறக்க ஆயிரமாண்டுக்கு மேலாயிற்று. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமலும், தாழ்த்தப்பட்டோர்க்கு மக்கள்தொகைக்கேற்பவும் இடம் ஒதுக்கியது. தமிழகம் 1996இல் இதன்படி தேர்தல் நடத்தியது. மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவர் பதவி தலித் மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. அங்குத் தேர்வான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று உடன் வந்தோர் சிலருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் நிகழ்ந்தது வேறு வகை. அங்கு வேட்புமனு செய்ய எவரும் துணியவில்லை. துணிந்து வென்றவரும் பதவியில் நீடிக்க இயலாமல் விலகினர். பத்தாண்டுகள் இவ்வாறே கழிந்தன. 2006இல்தான் அவ்வூர்களில் தேர்வான தலித் தலைவர்கள் தங்கள் இருக்கையில் தொடர்ந்து அமர்ந்தனர்.