வரலாற்று ஆவணமாக ரைடர்–வெயிட் டாரட் சீட்டுக்கட்டு

டாரட் சீட்டுகள் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுக்கெனத் தோன்றியவை. அவை பண்டை எகிப்திய ஞானத்தின் எச்சம் என்னும் கருத்தை 1781இல் பிரெஞ்சு அறிஞர் கூர் த ஜெபலன் முன்வைத்தார். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷம்போலியன் படித்தறிந்ததோ 1822இல்தான். எனவே அக்கருத்து சான்றின்வழி எழுந்ததன்று. எனினும் அதனைத் தொடர்ந்து ஒரு மறைஞான மரபே உருவாயிற்று. அம்மரபில் மிகுதியும் பரவியது, 1909இல் இலண்டனில் வில்லியம் ரைடர் நிறுவனம் வெளியிட்ட சீட்டுக்கட்டாகும்.

இதனை ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட்டார். 78 சீட்டுகளுக்கும் பமீலா கோல்மன் ஸ்மித் ஓவியம் தீட்டினார். முந்தைய கட்டுகள் பெரும்பாலானவற்றில் எண் சீட்டுகள் வாள், கோப்பை முதலிய குறிகளை மட்டுமே கொண்டிருந்தன. ஸ்மித் அவற்றையும் கதை கூறும் காட்சிகளாக்கினார். மூன்று வாள்கள் துளைத்த இதயம் 15ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த சோலா புஸ்கா கட்டிலும் காணப்படுகிறது. அக்கட்டின் நிழற்படங்கள் 1907இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்தன. ஸ்மித் அவற்றைக் கண்டிருக்கக்கூடும்.

ஆயினும் கட்டின் பெயரில் பதிப்பாளரும் வெயிட்டுமே நிலைத்தனர். பெரும்பணிக்கு மிகச் சிறிய தொகையே கிடைத்ததென 1909ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் குறிப்பிட்ட ஸ்மித், 1951இல் வறுமையில் மறைந்தார். அவர் இட்ட ஒப்பக்குறி மட்டும் சீட்டுகளில் எஞ்சியது. ஒரு தொன்மை எவ்வாறு புனையப்படுகிறது, படைத்தவர் பெயர் எவ்வாறு மறைகிறது என்னும் இரண்டையும் ஒருங்கே காட்டுவதால், குறி சொல்லுதலில் நம்பிக்கையற்றோரும் இக்கட்டைக் கற்றல் தகும்.