மூன்றுக்கு ஒரு திருப்பம்

குளியலறைச் சுவரில் கறுப்பாகப் படரும் பூஞ்சைகளுள் ஒன்று ஆரியோபாசிடியம் புல்லுலான்ஸ். இலை, பழத்தோல், ஈரம் ஊறிய பெயின்ட் என்று எங்கும் பிழைத்துக்கொள்ளும். தன்னைச் சுற்றி வழவழப்பான பசை ஒன்றையும் சுரந்துகொள்ளும். 1959-இல் பெண்டர், லேமன், வாலன்ஃபெல்ஸ் மூவரும் அந்தப் பசைக்குப் புல்லுலான் என்று பெயர் வைத்தார்கள்.

உடைத்துப் பார்த்தால் அத்தனையும் குளுக்கோஸ். அரிசி மாவுச்சத்தும் குளுக்கோஸ்தான், பருத்தி நூலும் குளுக்கோஸ்தான். கோத்த விதத்தில்தான் வேறுபாடு. கோத்த அந்த விதத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு பாக்டீரியாவின் நொதி, புல்லுலனேஸ். இந்தக் கதையில் என் மனம் அதிகம் நிற்பது இங்கேதான். 1961-இல் பெண்டரும் வாலன்ஃபெல்ஸும் அந்த நொதியை விட்டுச் சங்கிலியை வெட்டியபோது, மும்மூன்று குளுக்கோஸ் கொண்ட துண்டுகள் விழுந்தன. ஒரு துண்டுக்குள் பிணைப்பு மாவுச்சத்தில் உள்ளதுதான்: ஒரு குளுக்கோஸின் முதல் கார்பன் அடுத்ததன் நான்காம் கார்பனைப் பிடித்திருக்கும். துண்டும் துண்டும் சேரும் இடத்தில் மட்டும் பிடி ஆறாம் கார்பனுக்கு மாறுகிறது. ஆறாம் கார்பன் வளையத்துக்கு வெளியே நீட்டி நிற்பது. ஆகவே அந்த இணைப்பு தோள்மூட்டுப் போல எந்தப் பக்கமும் திரும்பும்.

இப்படி நெளியும் சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிப் படிகமாக முடியாது. சோறு ஆறியதும் விறைப்பது மாவுச்சத்துச் சங்கிலிகள் அப்படி அடுக்கிக்கொள்வதால்தான். புல்லுலான் குளிர்ந்த நீரிலும் கரையும். கரைசலைப் பரப்பி உலர்த்தினால் கண்ணாடி போலத் தெளிந்த படலம். ஆக்சிஜன் அதை எளிதில் ஊடுருவாது.

ஜப்பானின் ஒகயாமாவில் 1883 முதல் மாவுச்சத்துப் பாகு காய்ச்சிவந்த ஹயாஷிபரா நிறுவனம், 1976-இல் புல்லுலானை வணிகமாக்கியது. பூஞ்சைக்கு உணவும் அந்தப் பாகுதான். பூஞ்சை விட்டுச்செல்லும் கறுப்பு நிறமியைக் கரித்தூளால் நீக்குகிறார்கள்.

2001-இல் அமெரிக்கக் கடைகளில், நாக்கில் வைத்ததும் கரையும் வாய்மணப் படலமாகப் புல்லுலான் வந்தது. மாட்டெலும்பு, பன்றித்தோல் ஜெலட்டினை ஏற்காதவர்களுக்குக் காப்ஸ்யூல் கூடாகவும் ஆனது. காற்றுப்பட்டால் கெடும் மருந்துகளுக்கு இந்தக் கூடு பெரிய துணை. வயிற்றுக்குள் போன பிறகும் அந்த ஆறாம் கார்பன் மூட்டு நம் நொதிகளுக்கு எளிதில் வசப்படுவதில்லை. மாவுச்சத்தைவிட மெதுவாகவே செரிக்கிறது, ரத்தச் சர்க்கரையும் நிதானமாகவே ஏறுகிறது.