கொறங்காடும் காங்கயம் மாடும்

கொங்கு நாட்டின் நடுவே காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் ஆகிய ஊர்களைச் சுற்றி, கிழக்கே கரூர் எல்லை வரை விரியும் வறண்ட சமவெளி, உழவுக்கு உகந்த நிலம் என்று எக்காலத்திலும் பெயர் பெற்றதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் கிடப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கு மிகுதியாக எட்டுவதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மி.மீ. அளவில் பெய்யும் மழையிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே கொட்டி முடிந்துவிடும். மேல்மண்ணும் ஆழமற்றது; சிறிது தோண்டினாலே சரளையும் சுக்கானும் தட்டுப்படும். தென்னிந்தியாவின் தலைசிறந்த உழைப்பு மாட்டினங்களுள் ஒன்றான காங்கயம் இனம் இத்தகைய நிலத்தில் உருவானது தற்செயலாக நேர்ந்ததன்று. பயிருக்கு முழுதும் கைகொடுக்காத மண்ணைத் தரிசாகப் போட்டுவிடாமல், வேலியிட்டுப் புல்வெளியாக வளர்த்தெடுத்த கொறங்காடு என்னும் ஏற்பாடே இந்த மாட்டினத்தின் தாய்நிலம். மாட்டின் புகழ் பரவிய அளவுக்கு அந்நிலத்தின் வரலாறு பேசப்படாமல் போனது பெருங்குறையாகும்.

கொங்கர் கால்நடைச் செல்வம் உடையவர் என்பது சங்க காலத்திலிருந்தே அறியப்பட்ட செய்தி. பதிற்றுப்பத்தில் கொங்கரின் ஆநிரைகளும், வன்னிலத்தை உடைத்துத் தோண்டிய கிணறுகளும், கயிறு கட்டி இறைத்த நீரைச் சூழ்ந்து மொய்க்கும் பசுக்களும் ஒரே காட்சியில் இணைந்து வருகின்றன. நீர் ஆழத்தில் கிடக்க, மாடு மேலே காத்து நிற்கும் அந்த நிலை, பிற்காலக் கொங்கு வேளாண்மைக்கும் அப்படியே பொருந்துகிறது. கிணறு, மாடு, புல் ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்த்தால் இப்பகுதியின் வரலாறு விளங்காது.

கொறங்காடு என்பது, பட்டாதாரர் ஒருவர் தம் புன்செய் நிலத்தில் சில ஏக்கர் பரப்பை ஆண்டுதோறும் பயிரிடாமல், சுற்றிலும் உயிர்வேலி எழுப்பி, புல்லுக்கும் மரத்துக்கும் ஒதுக்கி வைத்த மேய்ச்சல் நிலமாகும். ஊர்ப் பொதுவான மந்தைவெளியோ புறம்போக்கோ அன்று, தனியுரிமை உடையது. வேலிக்கு நட்டது முள்கிளுவை. மழைக்குச் சற்று முன் கிளுவைப் போத்துகளை, அதாவது மண்ணில் ஊன்றினால் வேர்விடும் வெட்டுக் கிளைகளை, நெருக்கமாக வரிசையில் நட்டுவிட்டால் சில ஆண்டுகளில் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கன்றும் நுழைய முடியாத அரணாகிவிடும். வேலியில் எங்கேனும் சந்து விழுந்தால் அங்கே வெட்டிய முள்ளைச் செருகி அடைப்பர். உள்ளே செல்ல ஒரு கடவு இருக்கும். அதை மூங்கிலாலோ முள்ளாலோ ஆன படல் மூடியிருக்கும். இரு கொறங்காடுகளின் வேலிகளுக்கு இடையே ஓடும் வண்டித்தடத்துக்கு இட்டேரி என்று பெயர். ஓணான், கீரி, கௌதாரி, தேனீ முதலியவற்றுக்கும், வீட்டு வைத்தியத்துக்குப் பறிக்கும் பல மூலிகைக் கொடிகளுக்கும் இட்டேரி வேலியே இருப்பிடமாயிற்று. வேலியின் தழையை ஆடுகள் விரும்பித் தின்னும் என்பதால், அரணாக நின்றதே தீவனமாகவும் பயன்பட்டது.

வேலிக்குள் முதன்மையான புல் கொழுக்கட்டைப் புல். தூர் தூராக வளர்ந்து, வேரை ஆழமாக இறக்கி, மாதக்கணக்கில் மழையின்றிக் காய்ந்து கிடந்தாலும் ஒரு நல்ல மழையில் மீண்டும் துளிர்க்கும் பல்லாண்டுப் புல் அது. அறுத்துப் போர் வைக்காமலேயே, நின்றபடி காய்ந்த நிலையிலும் மாடு அதை மேயும். புல்லிடையே நரிப்பயறு போன்ற பயறு வகைக் கொடிகள் தாமாகவே முளைத்து மண்ணுக்கு உரமும் மாட்டுக்குப் புரதமும் தந்தன. இவற்றுக்கு மேலே பரவலாக நிற்பது வெள்வேல மரம். அதன் நிழல் அடர்த்தியற்றது. புல்லுக்கு வெயிலை மறைக்காமல், மாட்டுக்கு மட்டும் நண்பகலில் ஒதுங்க இடம் தரும். புல் முற்றும் தீய்ந்துபோகும் கோடையில் வெள்வேலங்காய்கள் முற்றி உதிர்வது இந்த அமைப்பின் மிக நுட்பமான கூறு. ஆண்டின் மிக வறிய மாதங்களில், விலை கொடுக்காமல் கிடைக்கும் அடர்தீவனம் அதுவே. ஆடுகள் தின்ற காயின் விதை அவற்றின் புழுக்கையோடு விழுந்து புதிய மரமாக முளைப்பதும் உண்டு.

மேய்ச்சலுக்கும் ஒழுங்கு இருந்தது. குடியானவர் தம் காட்டைச் சில பகுதிகளாகத் தடுத்து, ஒன்றை மேயவிட்டு மற்றொன்றை ஆறப்போடுவர். புதுமழையில் துளிர்த்த புல் ஓரளவு ஓங்கும் வரை கடவைத் திறப்பதில்லை. பொதுவாகப் புல் உயர்ந்து நிற்கும்போது மாடுகளும், அது குட்டையான பின் செம்மறிகளும் மேய்ந்தன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, புல் தளர்ந்து மண் இறுகியதாகத் தோன்றினால், மழை பெற்ற காலத்தில் நிலத்தை உழுது கம்போ சோளமோ கொள்ளோ விதைப்பர். அறுவடைக்குப் பின் மண்ணில் கிடந்த விதைகளிலிருந்து புல் புதிய வேகத்தோடு எழும். வேலி வலுவாக இருந்ததால் மேய்ப்பவர் உடன் நிற்க வேண்டிய தேவை இல்லை. காலையில் படலைத் திறந்து விட்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்தால் போதும் என்ற நிலை, ஆள் குறைந்த குடும்பங்களுக்கும் மாடு வளர்ப்பைச் சாத்தியமாக்கியது. மேய்ச்சல் மேலாண்மை என்று இன்று கல்லூரிகளில் கற்பிக்கப்படும் பாடத்தின் சாரம் அனைத்தும் இவ்வழக்கத்தில் அடங்கியுள்ளது என்று சொல்வது மிகையாகாது.

திப்பு வீழ்ந்த மறு ஆண்டான 1800-இல், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஆணைப்படி மைசூரிலிருந்து மலபார் வரை ஆராய்ந்து சென்ற பிரான்சிஸ் புக்கானன் கோயம்புத்தூர்ச் சீமையின் வழியாகவும் பயணம் செய்து, மண், பயிர், கால்நடை, வரி ஆகியவற்றை ஊர் ஊராக விசாரித்துப் பதிவு செய்தார். அப்பதிவு 1807-இல் நூலாக வெளிவந்தது. பின்னர், 1887-இல் வெளியான கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவர், இந்தியக் கூட்டுறவுக் கடன் இயக்கத்தின் முன்னோடியாகப் பிற்காலத்தில் அறியப்பட்ட எப். ஏ. நிக்கல்சன். இவ்விரு நூல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இப்பகுதியில் ரயத்துவாரி முறை, அதாவது ஒவ்வொரு குடியானவரும் தம் பட்டா நிலத்துக்கான தீர்வையை அரசுக்கு நேரடியாகக் கட்டும் முறை, வேரூன்றியது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் தீர்வை உண்டு என்ற நிலையில், ஒருவர் தம் நிலத்தைப் புல்லுக்கு விட வேண்டுமானால் அந்தப் புல் பணமாக மாறியாக வேண்டும். அப்படி மாற்றித் தந்தது மாடு. நல்ல காளைக்கன்று ஒன்றின் விலை, வானம் பார்த்த பூமியில் விளையும் சோளத்தைவிட நம்பத்தக்க வருமானமாக இருந்ததால்தான் கொறங்காடு தலைமுறைகளைக் கடந்து நிலைத்தது.

அந்தக் காளைக்கு விலை வைத்தது கிணறு. கொங்குக் கிணறுகள் பாறையைக் குடைந்து இறங்கியவை. அவற்றிலிருந்து நீர் எடுக்கக் கவலை என்னும் ஏற்றம் பயன்பட்டது. தென்மாவட்டங்களில் இதனையே கமலை என்பர். கிணற்று மேட்டின்மீது உருளை பொருத்தி, வடத்தின் ஒரு முனையில் நீர் மொள்ளும் சாலையும் மறுமுனையில் நுகத்தையும் பூட்டி, எருதுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலேறும். சாலின் அடியில் கோத்த தோல்வால், தனிக் கயிற்றால் இழுக்கப்பட்டு, தொட்டியில் நீரைக் கொட்டும். ஓட்டுபவர் இறங்கும்போது வடத்தின்மேல் அமர்ந்து தம் எடையையும் சேர்ப்பார். பின்னர் எருதுகள் அதே சரிவில் பின்னோக்கி நடந்து மேலேற வேண்டும். விடியற்காலை தொடங்கி வெயில் ஏறும் வரை இவ்வாறு நூற்றுக்கணக்கான முறை இறங்கி ஏறுவதற்கு உறுதியான குளம்பும், தசைப்பற்றுள்ள தொடையும், குறிப்பறிந்து நடக்கும் இயல்பும் வேண்டும். சரளை நிலத்தில் நாளெல்லாம் நடந்து மேய்ந்து, வெயிலுக்கும் காய்ந்த புல்லுக்கும் பழகிய மாட்டுக்கே அவை வாய்த்தன.

காங்கயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் அந்நிறம் மறைந்து சாம்பல் நிறம், அதாவது மயிலை, வெளிப்படும். காயடிக்காத காளைக்குத் தலை, கழுத்து, திமில், முன் பின் சப்பைகள் ஆகியவற்றில் கருமை ஏறும். காயடித்த எருது வெளிறிய சாம்பலாகவே நிற்கும். வாங்க வருபவர் முதலில் வாயைத் திறந்து பல் பார்ப்பார். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று நிலைத்த வெட்டுப்பற்களின் எண்ணிக்கையைக் கொண்டே வயது கணிக்கப்பட்டது. அடுத்தது உடல் மயிரில் அமைந்த சுழி, பிறகு கொம்பு, குளம்பு, நடை. இனப்பெருக்கத்துக்கு விடப்படும் காளை பூச்சிக்காளை எனப்பட்டது. ஊருக்கு ஒன்றோ இரண்டோ தேர்ந்தெடுத்து நிறுத்தி, மற்ற ஆண் கன்றுகளைக் காயடித்து உழவுக்கும் வண்டிக்கும் அனுப்பியதே இவ்வினத்தின் தூய்மைக்குக் காரணம்.

இத்தேர்வைத் தம் குடும்பக் கடமையாகவே மேற்கொண்டவர்கள் பழையகோட்டைப் பட்டக்காரர்கள். பட்டக்காரர் என்பது கொங்கு வேளாளர் சமூகத்தில் பரம்பரைத் தலைமைக்குரிய பட்டம். அவர்களுள் ராவ் பகதூர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பெருமந்தை ஒன்றைப் பேணி இவ்வினத்தை மேம்படுத்தினார் என்பதைக் கால்நடை நூல்கள் ஒருமுகமாக ஏற்கின்றன. ஆயினும் இப்பெருமையை ஒரு குடும்பத்தோடு நிறுத்துவது நியாயமன்று. பட்டக்காரர் காளையைத் தேர்ந்தார். அக்காளைக்குச் சேர்த்த பசுக்களைத் தம் சிறு கொறங்காடுகளில் வளர்த்தவர்கள் பெயர் பதியப்படாத ஆயிரக்கணக்கான குடியானவர்கள்.

விற்பனை மாட்டுத்தாவணிகளில் நடந்தது. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோவில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தை காங்கயம் மாடுகளுக்கே பேர்போனது. அங்கே தரகர் துண்டைப் போர்த்தி, அதற்கடியில் விற்பவரின் விரல்களைப் பற்றி, பிறர் அறியாமல் விலை பேசுவார். வாய்ச்சொல் ஏதுமின்றியே பேரம் படியும்.

1940-இல் சென்னை மாகாணக் கால்நடை மேம்பாட்டுச் சட்டம், தகுதியற்ற காளைகளைக் காயடிக்க வகைசெய்து, இனத்தேர்வை அரசின் பொறுப்பாகவும் ஆக்கியது. ஆனால் அதற்கு முன்பே மாட்டின் சந்தையை அசைக்கும் மாற்றம் தொடங்கிவிட்டது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின், மின்கம்பி கிணற்றடிக்கு வந்தது. கவலை படிப்படியாக ஓய்ந்தது. டிராக்டர் உழவையும் லாரி பாரத்தையும் எடுத்துக்கொண்டன. எஞ்சியது பால். ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 540 கிலோ அளவில் மட்டுமே கறக்கும் காங்கயம் பசுவால், 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் காலத்தில் பரவிய ஜெர்சி கலப்பினத்தோடு போட்டியிட இயலவில்லை. பாலைப் பெருக்கிய அக்கொள்கை பல ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதை மறுக்க முடியாது. எனினும் மழைக்குறைவான புல்நிலத்துக்கும் பாசனத் தீவனம் உள்ள நிலத்துக்கும் ஒரே இனத்தைப் பரிந்துரைத்தது பிழையே.

நிலமும் கைமாறியது. 1950-களில் வெட்டிய கீழ்பவானிக் கால்வாயும் அடுத்து வந்த பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனமும் எட்டிய இடங்களில் புல் போய் நெல்லும் தென்னையும் வந்தன. பாகப்பிரிவினையில் காடுகள் துண்டாயின. சாலையோரக் காடுகள் மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறின. கிளுவை வேலியைப் பேண ஆளின்றிக் கம்பிவேலி போட்டவர் பலர். 2017 சனவரியில் ஏறுதழுவுதலுக்காக எழுந்த மாணவர் போராட்டத்தின்போது காங்கயம் காளையின் உருவம் தமிழகம் எங்கும் பரவி, நாட்டு மாடுகளின்மீது புதிய அக்கறையைத் தோற்றுவித்தது. அந்த அக்கறை காளையோடு நின்றுவிடாமல் அது மேய்ந்த நிலத்துக்கும் நீள வேண்டும்.

கொறங்காடு இன்றும் வருவாய்க் கணக்கில் வெறும் புன்செய்யாகவே கருதப்படுகிறது; பயிரிடாத நிலம் என்பதால் பயனற்ற நிலம் என்று எண்ணி வேறு பயன்பாட்டுக்கு எடுப்பது எளிதாகிவிடுகிறது. எஞ்சியுள்ள கொறங்காடுகளை ஊர்வாரியாகக் கணக்கெடுத்து, மேய்ச்சல் நிலம் என்னும் தனி வகையாக அரசு அறிவிக்க வேண்டும். கிளுவைப் போத்து நடுவதற்கும் கொழுக்கட்டைப் புல் விதைப்பதற்கும், பயிர்ச் சாகுபடிக்குக் கிடைப்பதற்கு இணையான உதவித்தொகையை அந்நிலத்தார்க்கு வழங்க வேண்டும்.