பாடக் குறிப்பில் பிறந்த சரித்திரம்

மகாராஷ்டிர நாட்டில் வாழ்ந்துவரும் நம்மவருள் 'ரியாஸத்கார்' கோவிந்த சகாராம் சர்தேசாயின் பெயரை அறிந்தோர் சிலரே. மராட்டியரின் வரலாற்றைப் பல பாகங்களாக எழுதிப் புகழ் கொண்ட அப்பெரியார், அப்பணிக்கு வந்தது சிறுவர்களுக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியராகத்தான்.

1865ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், கொங்கணக் கரையில் இரத்தினகிரி ஜில்லாவைச் சார்ந்த ஒரு சிற்றூரில், செல்வ வளமற்ற குடும்பத்தில் அவர் தோன்றினார். இரத்தினகிரியில் உயர்நிலைக் கல்வியும், பின்னர் பூனாவிலும் பம்பாயிலும் கல்லூரிக் கல்வியும் பெற்று, 1888இல் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு ஆண்டே பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெயிக்வாடிடம் நூல்களைப் படித்துக் காட்டும் வாசகராக அமர்ந்தார். அம்மன்னரும் வேளாண் குடியில் பிறந்து, 1875இல் சுவீகாரம் சென்று, பன்னிரண்டு வயதில் அரியணை ஏறியவர். கல்வியின் அருமையை அனுபவத்தால் உணர்ந்த அவர், தம் மக்களுக்குப் பாடஞ் சொல்லும் பொறுப்பையும் சர்தேசாயிடம் ஒப்படைத்தார்.

அங்கேதான் இடர்ப்பாடு எழுந்தது. இந்திய சரித்திரத்தை முறையாக எடுத்துரைக்கும் நூல் மராத்தியில் இல்லை. ஆங்கில நூல்களையும் பழைய ஏடுகளையும் பயின்று, வகுப்புக்கென அவரே குறிப்புகள் எழுதலானார். அக்குறிப்புகளே வளர்ந்து 1898இல் 'முசல்மானி ரியாஸத்' என நூலுருவம் பெற்றன. 'மராட்டி ரியாஸத்', 'பிரிட்டிஷ் ரியாஸத்' என்பன தொடர்ந்தன. புதிய ஆவணங்கள் கிடைத்தபோது, முன்பு எழுதிய பாகங்களைத் திருத்தி எழுதவும் அவர் தயங்கினாரல்லர். வங்கத்து அறிஞர் யதுநாத் சர்க்காருடன் அவர் கொண்ட நட்பு இவ்வுழைப்புக்கு உறுதுணையாயிற்று.

1925இல் ஓய்வு பெற்றுப் பூனாவை அடுத்த காம்ஷேத்தில் தங்கிய அவரை ஓய்வு அணுகவில்லை. பேஷ்வாக்களின் தப்தரில் மோடி எழுத்தில் குவிந்து கிடந்த காகிதங்களை ஆராய்ந்து, 45 தொகுதிகளாகப் பதிப்பித்தார். 1957இல் பாரத அரசு பத்ம பூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. 1959இல், தொண்ணூற்று நான்காம் வயதில், இயற்கை எய்தினார்.

இவர் வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது? தாய்மொழியில் நூலில்லை என்று வருந்தியிராமல், எதிரே அமர்ந்த பிள்ளைகளுக்காக அதனை ஆக்கிக்கொண்டார் ஓர் ஆசிரியர். நம் பிள்ளைகள் இங்குள்ள பள்ளியில் சத்திரபதி சிவாஜியின் வரலாற்றைக் கற்கின்றனர். அவர் 1677இல் செஞ்சிக் கோட்டையைக் கைக்கொண்டதையும், அவர் தம்பி வழியினர் தஞ்சையை ஆண்டதையும், அந்த போன்ஸ்லே குலத்தின் வரலாறு 1803இல் பெரிய கோயிற் சுவரில் மராத்தியிலேயே பொறிக்கப்பட்டதையும் தமிழில் அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் யார்? பள்ளி ஆசிரியர் சொல்லாதவிடத்துப் பெற்றோரே ஆசிரியராதல் வேண்டும். நாளும் அரைமணி நேரமும் ஒரு குறிப்பேடும் இருப்பின், நம் இல்லங்களிலும் அத்தகைய பாடம் தொடங்கலாம்.