யாகியாகானின் வீழ்ச்சியும் இலங்கையின் அயல்நாட்டுக் கொள்கையும்

2024 ஓகஸ்ட் 5ஆம் நாள், மாணவர் கிளர்ச்சி முற்றியதனால், பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட ஷேக் ஹசீனா அம்மையார் டாக்காவை விட்டு இந்தியாவுக்குச் சென்றார் என்ற செய்தி வந்தபோது, அண்டை நாடுகள் என்ன சொல்லப்போகின்றன என்பதே எங்கும் பேச்சாயிருந்தது. அவருடைய தந்தையார் ஷேக் முஜிபுர் ரகுமானின் காலத்தில் அதே டாக்காவில் ஓர் இராணுவ ஆட்சி சரிந்தது. அப்பொழுது எமது இலங்கை என்ன செய்தது? மிசன் பாடசாலையில் நாம் படித்த சரித்திரத்தில் முசோலினியும் ஹிட்லரும் வீழ்ந்த கதை விரிவாக உண்டு. சிலாபத்துக்குத் தெற்கே, பேருந்தேறினால் சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய கட்டுநாயக்காவுக்கும் ஒரு சர்வாதிகாரியின் கதையில் இடமுண்டு என்பது அதில் இல்லை.

1969 மார்ச்சு 25இல் அயூப்கான் பதவி விலக, தளபதி யாகியாகான் பாகிஸ்தானின் ஆட்சியைக் கைப்பற்றினார். தேர்தல் நடத்துவேன் என்றார். 1970 டிசெம்பரில் நடத்தியும் காட்டினார். இதனை அவர்பால் மறுக்கவியலாது. ஆனால் 313 இடங்களில் 167ஐ முஜிபுர் ரகுமானின் அவாமி லீக் பெற்றுவிட்டது. அம்முடிவை ஏற்க மனமில்லாதவர், 1971 மார்ச்சு 25 இரவு கிழக்குப் பாகிஸ்தான் மக்கள்மீது படையை ஏவினார். ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் அகதிகளாய் இந்தியாவுக்கு ஓடினர்.

மேற்குக்கும் கிழக்குக்கும் இடையே ஆயிரத்து அறுநூறு கிலோமீற்றர்; நடுவே இந்தியா. 1971 சனவரி இறுதியில் ஓர் இந்திய விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு எரிக்கப்பட்டதன் பின், இந்தியா தன் வான்வழியைப் பாகிஸ்தானுக்கு மூடிவிட்டது. ஆகவே கராச்சியிலிருந்து டாக்கா செல்லும் விமானங்கள் தென்முனையைச் சுற்ற வேண்டியிருந்தன. எண்ணெய்க்கு அவை இறங்கிய இடம் கட்டுநாயக்கா. அவற்றில் போர்வீரர் சாதாரண உடையில் செல்கின்றனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தும் வழி உடனே அடைபடவில்லை.

ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரின் அரசு ஏன் இவ்வாறு நடந்தது? விடை அதே ஆண்டு ஏப்ரில் மாதத்தில் இருக்கிறது. ஏப்ரில் 5ஆம் நாள் தென்னிலங்கை இளைஞர் பொலிசு நிலையங்களைத் தாக்கி ஆயுதக் கிளர்ச்சி தொடங்கினர். ஊரடங்கும் அச்சமுமாய்க் கழிந்த அந்நாட்களை எமது மன்றத்துப் பெரியோர் இன்றும் சொல்லுவர். அரசு பல நாடுகளிடம் உதவி கேட்டது. இந்தியா ஹெலிகொப்டர்களும் போர்க்கப்பல்களும் அனுப்பியது. பாகிஸ்தானும் ஹெலிகொப்டர்கள் அனுப்பியது. கட்டுநாயக்கா விமான நிலையத்தைக் காவல் செய்தோர் இந்தியப் படைவீரர்! பாகிஸ்தான் விமானங்கள் எண்ணெய் நிரப்பியதும் அதே நிலையத்திலேதான்.

உடப்புக் கரையில் கரைவலை இழுப்பவன் ஒரே பருவத்துக்கு இரண்டு சம்மாட்டிகளிடம் முற்பணம் வாங்கிவிட்டால் விடியற்காலையில் எவ்வாறு விழிப்பானோ, அவ்வாறே விழித்தது கொழும்பு. நமது எண்ணத்தில் இன்னுமோர் அச்சமும் அதனுள் இருந்தது. ஒரு நாட்டின் பகுதி பிரிவதை ஒப்புக்கொண்டால் அது நாளை எங்கே கொண்டுபோய் விடும் என்பதே அது. எனினும் அப்பாவி மக்கள் கொல்லப்படுகையில் எண்ணெய் கொடுத்ததை நாம் நியாயமென்று சொல்ல முன்வரோம்.

டிசெம்பர் 3இல் போர் மூண்டது. 7ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்துக்கு 104 நாடுகள் ஆதரவளித்தன. இலங்கையும் அவற்றுள் ஒன்று. எதிர்த்தவை இந்தியா, பூட்டான், சோவியத் அணி என்று பதினொன்றே. அமெரிக்காவின் ‘என்டர்பிரைஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலை நோக்கி வந்தது. டிசெம்பர் 16இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. கைதானோர் சுமார் 93,000 பேர். அதே டிசெம்பர் 16இல்தான் நியூயோர்க்கில், இலங்கை முன்னின்று கொணர்ந்த இந்து சமுத்திரச் சமாதான வலயப் பிரகடனம் நிறைவேறியது. சமாதான வலயம் பிறந்த நாளில் அதன் ஒரு மூலையில் ஒரு படை ஆயுதங்களைக் கீழே வைத்தது. இப்பொருத்தத்தை யார் திட்டமிட்டிருக்க முடியும்? டிசெம்பர் 20இல் யாகியாகான் பூட்டோவிடம் ஆட்சியை ஒப்படைத்து நீங்கினார்.

இனி, புதிய நாட்டை அங்கீகரிக்கும் படலம். இந்தியாவும் பூட்டானும் டிசெம்பர் 6இலேயே முந்திக்கொண்டன. பர்மா 1972 சனவரி 13இல். பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளின் போக்கால் வெகுண்ட பாகிஸ்தான் சனவரி இறுதியில் பொதுநலவாயத்தை விட்டு விலகியது; பிரிட்டன் பெப்ரவரி 4இல் அங்கீகரித்தது. இலங்கை மார்ச்சு 4இல். அமெரிக்கா அதற்கும் ஒரு மாதம் பின்னே. பாகிஸ்தானே 1974 பெப்ரவரியில் ஏற்றுக்கொண்டுவிட்டது. சீனாவோ, 1972இல் பங்களாதேஷ் ஐ. நா. சபையில் சேர்வதைத் தன் இரத்து வாக்கினால் தடுத்தது. 1975 ஓகஸ்ட் 15இல் முஜிபுர் ரகுமான் கொலையுண்டபின், அம்மாத இறுதியிலேயே அங்கீகரித்தது. ஆகவே இலங்கை முந்தவுமில்லை, கடைசியாய் நிற்கவுமில்லை. யாகியாகான் போய், பூட்டோ அமர்ந்து, முஜிபுர் ரகுமான் சிறையினின்று மீண்டு டாக்கா சேர்ந்த பின்னரே வாய் திறந்தது.

எண்ணெய் கொடுத்ததற்காக இந்தியா பகை பாராட்டியதா? இல்லை. 1973இல் இந்திரா காந்தி அம்மையார் கொழும்புக்கு வந்தார். 1974 சனவரியில், எஞ்சியிருந்த நாடற்றோர் ஒன்றரை இலட்சம் பேரை இரு நாடுகளும் சரிபாதியாய் ஏற்க உடன்பட்டன. பேசப்பட்ட அம்மக்களிடம் எவரும் கேட்கவில்லை என்பது வேறு கதை. அவ்வாண்டு யூனில் கச்சதீவு இலங்கைக்கென்று எழுதப்பட்டது. வென்ற இந்தியாவுக்குத் தெற்கே ஒரு நட்பு நாடு வேண்டியிருந்தது என்பதே நமது கருத்து. 1976 மார்ச்சில் மன்னார்க் குடாவிலும் எல்லைக்கோடு வரையப்பட்டது. கற்பிட்டிக்கு மேற்கே ஆழ்கடலில் வலை விடுவோர் இன்றும் கணக்கிட்டுத் திரும்புவது அந்தக் கோட்டைக் கண்டுதான்.