மாட்டுங்காவின் ஜேம்ஸ்பாண்டுகள்

பம்பாய்த் தமிழர்களின் சினிமா வரலாற்றை யாராவது எழுதினால் 1966-ஆம் ஆண்டுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டும். அந்த வருடம் ஜூன் 19 அன்று சிவசேனா தொடங்கப்பட்டது. அதன் முதல் கோபம் தென்னிந்தியர்கள் மேல்தான் திரும்பியது. ஆபீசில் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர், உடுப்பி ஓட்டல் வைத்திருந்தவர், லுங்கி கட்டித் தெருவில் நடந்தவர் எல்லோரும் வெளியூர்க்காரர்களாகச் சுட்டிக்காட்டப்பட்டார்கள். அதே வருடம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'வல்லவன் ஒருவன்' படத்தை வெளியிட்டது. சி.ஐ.டி. அதிகாரியாக ஜெய்சங்கர். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தாராவியில் வளர்ந்த என்னால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்ததே இல்லை.

1962-இல் 'டாக்டர் நோ' வந்தபோது ஷான் கானரி யாரென்று எங்கள் சாலில், அதாவது வரிசைக் குடியிருப்பில், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த அலை நாலைந்து வருடத்தில் தென்னாட்டு ஸ்டூடியோக்கள் எல்லாவற்றையும் தொட்டுவிட்டது. தெலுங்கில் 1966-இல் கிருஷ்ணா நடித்த 'கூடாச்சாரி 116'. அதையே இந்தியில் ஜீதேந்திராவை வைத்து 1967-இல் 'ஃபர்ஸ்' என்று எடுத்தார்கள். கன்னடத்தில் ராஜ்குமார் 1968-இல் 'ஜேடர பலே' படத்தில் சி.ஐ.டி. 999 ஆனார். அந்த எண்ணை வைத்தே வரிசையாகப் படங்கள் வந்தன. மலையாளத்தில் 1971-இல் பிரேம் நசீருக்கு 'சி.ஐ.டி. நசீர்'. பாலக்காட்டுக்காரரும் மங்களூர்க்காரரும் ஆந்திராக்காரரும் நாங்களும் ஒரே காய்கறிக் கடையில் நின்ற மாட்டுங்காவில், ஆளுக்கொரு ஜேம்ஸ்பாண்ட் இருந்தார். எவர் பெரியவர் என்ற சண்டை பள்ளிக்கூட மைதானம் வரை வந்தது.

எங்களுக்கு ஜெய்சங்கர். 'இரவும் பகலும்' படத்தில் 1965-இல் அறிமுகமானவர். 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்', 'நீலகிரி எக்ஸ்பிரஸ்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று அடுத்தடுத்து வந்ததில் 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. எம்.ஜி.ஆர். படத்துக்கும் சிவாஜி படத்துக்கும் ஆகிற செலவு இவர் படத்துக்கு ஆகாது. சீக்கிரமாக எடுத்து முடிப்பார்கள். சேலத்து ஸ்டூடியோவில் மாட்டிய பல்புகள்தான் எதிரியின் ரகசிய அறை. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களுக்கு இசையமைத்த வேதா, பல பாட்டுகளுக்கு இந்தி மெட்டுகளை எடுத்துக்கொள்வார். அதனால் எங்கள் சாலில் தமிழே தெரியாத பக்கத்து வீட்டு அக்காவும் ரேடியோவில் அந்தப் பாட்டுகள் வந்தால் இந்தி வார்த்தைகளைப் போட்டுக் கூடவே பாடுவார். சென்னையில் படம் பார்த்தவருக்குக் கிடைக்காத சந்தோஷம் அது.

படம் பார்க்க கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டருக்குப் போவோம். ஞாயிறு காலைக் காட்சி. லேபர் கேம்ப் வழியாக நடந்து தண்டவாளத்தைத் தாண்டினால் மாட்டுங்கா வந்துவிடும். அப்பா தோல்ஷாப்பில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்காகத் தாராவிக்கு வந்து குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வாரம் முழுவதும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற கால்களோடு ஆண்கள் வருவார்கள். சட்டை மட்டும் சலவைச் சட்டை. ஒரு முறை ஜெய்சங்கர் படம் விட்டு வெளியே வந்ததும் ஊர்க்கார அண்ணாச்சி ஒருவர் என் தோளைத் தட்டி, "எலேய், பாத்தியா? கடைசி வரைக்கும் ஒருத்தனுக்கும் அவன் யாருன்னு தெரியலியே!" என்றார். அவருக்கு அந்தப் படத்தில் பிடித்தது சண்டையுமில்லை, காருமில்லை. அதுதான்.

இதை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். இங்கிலாந்து பாண்ட் எங்கே போனாலும் தன் பெயரைத்தான் முதலில் சொல்வார். எதிரியின் சீட்டாட்ட மேஜையில் உட்கார்ந்துகூடச் சொல்வார். பெயரைச் சொல்ல அவருக்கு எந்த ஊரிலும் பயமில்லை. ராஜ்ஜியம் ஆண்டவர்களின் கற்பனை அது. நம் சி.ஐ.டி.யோ பெயரை மறைப்பார், மீசை ஒட்டுவார், கூட்டத்தோடு கூட்டமாக எதிரியின் இடத்துக்குள் நுழைவார். "ரயில்ல தமிழ்ல சத்தமா பேசாத" என்று அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த காலம் அது. வீட்டில் கட்டும் லுங்கியை மாற்றாமல் அம்மா என்னைத் தெருமுனைக்கு அனுப்பமாட்டாள். மறைந்து வாழ்வது எங்களுக்கு அவமானமாக இருந்தது. அதையே திரையில் ஒருவன் சாமர்த்தியமாகவும் வீரமாகவும் செய்தான். கடைசியில் வேஷத்தைக் கலைத்து, தான் யாரென்று சொன்னான். அந்த இடத்தில் அரோராவில் எழுந்த விசில் இன்னொரு படத்துக்கு எழுந்து நான் கேட்டதில்லை.

அசல் பாண்ட் எங்களிடம் வந்தது காகிதத்தில். 1984-இல் தினத்தந்தி குழுமம் 'ராணி காமிக்ஸ்' தொடங்கியது. லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் 1958 முதல் வந்த பாண்ட் படக்கதைகள் அதில் தமிழ் பேசின. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வாங்கி, ஒரு புத்தகம் பத்து வீடு சுற்றும். அதற்கு முந்தின வருடம்தான் 'ஆக்டோபசி'. உதய்பூரில் எடுத்த படம். அதில் பாண்டுக்கு உதவும் உளவாளியாக, டென்னிஸ் ராக்கெட்டும் கையுமாக ஆட்டோ ஓட்டுகிறவர் நம்ம மெட்ராஸ் விஜய் அமிர்தராஜ். நடுவிலேயே அவரைக் கொன்றுவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

பிறகு 1986 மே மாதம் 'விக்ரம்'. சுஜாதா எழுத்து, குமுதத்தில் தொடர்கதையாகவும் வந்தது. ஏவுகணை, கம்ப்யூட்டர், சலாமியா என்றொரு கற்பனை நாடு. அந்த நாட்டு மன்னர் கப்பர் சிங்காகப் புகழ்பெற்ற அம்ஜத் கான், இளவரசி டிம்பிள் கபாடியா. பம்பாய் நட்சத்திரங்கள் கமல்ஹாசனின் தமிழ்ப் படத்தில் நடிக்க வந்திருந்தார்கள். இந்த ஊரில் இருபது வருடமாக நாங்கள்தான் அவர்கள் மொழியைப் பேசிக்கொண்டிருந்தோம். என்னோடு வேலை பார்த்த மராத்தி நண்பர்களை அந்தப் படத்துக்கு வற்புறுத்தி அழைத்துப் போனேன். கப்பர் சிங் தமிழ்ப் படத்தில் என்று சொன்னதும் கிளம்பிவிட்டார்கள்.

படம் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. ஆனால் இளையராஜாவின் தலைப்புப் பாட்டு சாகவில்லை. 36 வருடம் கழித்து, 2022 ஜூன் 3 அன்று லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' வந்தபோது அந்தப் பாட்டும் கூடவே வந்தது. செம்பூர்ப் பக்கத்து மல்டிபிளெக்ஸில் மகனோடும் பேத்தியோடும் பார்த்தேன். பாண்ட் படங்களில் ஆள் மாறுவார், எண் மாறாது. இங்கே அதே ஆள், அதே பெயர், தலை மட்டும் நரைத்திருந்தது. முதல் பாதி முழுக்க அவர் ஒரு குடிகாரன் என்றே மற்றவர்கள் நம்புகிறார்கள். எனக்கு அண்ணாச்சி ஞாபகம் வந்தது.

ஆனால் அன்று தியேட்டரை அதிர வைத்தது கமல் இல்லை. படத்தில் அவர் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் நிற்கும் வேலைக்காரம்மா. ஆட்கள் வீடு புகுந்ததும் அவர் ஏஜென்ட் டீனாவாக மாறுகிறார். நடித்தவர் வசந்தி, வருஷக்கணக்காகச் சினிமாவில் குரூப் டான்ஸ் ஆடியவர். எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். தாராவியிலிருந்து தினமும் விடியற்காலையில் மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் வீட்டு வேலைக்குப் போகிற தமிழ்ப் பெண்களை எனக்குத் தெரியும். என் அத்தையும் அப்படிப் போனவள்தான். இருபது வருடம் வேலை பார்த்த வீட்டில் அவளுடைய முழுப்பெயர் யாருக்கும் தெரியாது. ஒற்றர் படங்கள் அறுபது வருடமாக ஓடுவதற்குக் கருவிகளும் கார்களும் மட்டும் காரணம் என்கிறவர்கள் அந்தக் கைதட்டலைக் கேட்டிருக்க வேண்டும்.

இங்கிலாந்து பாண்டையும் நான் விட்டுவிடவில்லை. 'கேசினோ ராயல்' 2006-இலேயே தமிழ் பேசிக்கொண்டு வந்தது. 25-ஆவது பாண்ட் படமான 'நோ டைம் டு டை' 2021 செப்டம்பர் 30 அன்று இந்தியாவில் வெளியானது. மகாராஷ்டிரத்தில் கொரோனாவால் தியேட்டர்கள் பூட்டியிருந்தன. அக்டோபர் 22 வரை காத்திருந்துதான் பார்த்தோம். 26-ஆவது படத்தை டெனிஸ் வில்னோவ் இயக்கப்போகிறார், அதையும் பார்ப்பேன். ஆனால் என் ஆசை வேறு. 'நாயகன்' முதல் 'காலா' வரை தாராவித் தமிழன் சினிமாவில் தாதாவாகவே வந்திருக்கிறான். லோகேஷ் தன் அடுத்த ஏஜென்ட்டைத் தாராவியிலிருந்து எடுக்கட்டும், பெண்ணாகவே இருக்கட்டும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, ஆபீசில் மராத்தி, பள்ளியில் இங்கிலீஷ் என்று நாலு மொழி பேசிக்கொண்டு கூட்டத்தில் கலக்க எங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம்.